சோறு எந்த அடுக்கில்?

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும். அதுவும் கப்பலின் பக்கவாட்டிலும் பஸ்ஸின் நெற்றியிலும் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் எங்கள் முருகன் கோயில் பஜனைக் குழுவில் ஹார்மோனியத்துக்குப் பின்னால் உட்காருகிறவள் நான். நன்றாகப் படித்தவர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜால்ரா தட்டுகிறார்கள்.

இதை எழுத எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. எங்கள் டீச்சர் எழுத்துப் பிழை மட்டும் திருத்தித் தந்தார். வார்த்தையில் கை வைக்க நான் விடவில்லை.

விஷயம் என் வலது கட்டைவிரலில் ஆரம்பித்தது. அடியில் இருக்கும் முட்டி வீங்கி, காலையில் டம்ளரைப் பிடித்தாலே முனகும். ஆஸ்பத்திரியில் வயசு என்றார்கள். விரலுக்கும் எனக்கும் ஒரே வயசுதான், நான் முனகுகிறேனா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டுத் தைலம் எழுதித் தந்தார்.

விரல் வலி என்று நான் வெளியே சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர் ஒரு காண்டிராக்டர். மதுரைப் பக்கமிருந்து ரோடு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல பிள்ளைதான். ஆனால் எதையும் வாங்கித் தள்ளினால்தான் அவருக்கு பக்தி நிறையும். பங்குனி உத்திரம் நெருங்கும்போது போர்ட் பிளேயருக்குப் போனவர், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு திரும்பினார். அதன் வயிற்றில் பச்சையும் சிவப்புமாக விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே அபர்டீன் பஜாரில் ஒரு கடையில் சொல்லி, எங்கள் பாட்டுகளுக்கெல்லாம் வெறும் மியூசிக்கை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டும் வந்திருந்தார். அதற்குப் பெயர் ட்ராக்.

"அம்மா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்? வெரல் வேற வலிக்குதுன்றீங்க. ட்ராக்கப் போட்டு விட்டுட்டா, நீங்க ஜாலியா ஒக்காந்து பாடிக்கிட்டே இருக்கலாம்" என்றார்.

"ஜாலியா ஒக்காரணும்னா எங்க வீட்லயே சேர் கெடக்கு தம்பி" என்றேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன். என் வீட்டுக்காரர் பாக்குச் சீவிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பெட்டி பாடுறதுல ஒனக்குக் கோவமில்ல. ஒன்ன எந்திரிக்கச் சொல்லிருவாங்கன்னுதான் கோவம்."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. பாத்திரத்த ஒடச்சிராத."

அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஹார்மோனியத்தின் பின்பலகையில் என் இடது கை பிடிக்கிற இடத்தில் மட்டும் பாலிஷ் போய் வெள்ளையாக இருக்கும். அந்த இடத்தை விட்டுவிட்டு, பச்சை விளக்கு சுற்றும் பெட்டிக்குப் பக்கத்தில் வாயசைக்க எனக்கு இஷ்டமில்லை.

டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். தூத்துக்குடிக்காரர், இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை. சின்ன வயசில் கான்வென்டில் பியானோ படித்தவராம். உத்திரத்துக்கு அவரே ஒரு புதுப் பாட்டுக் கட்டினார். காண்டிராக்டரிடம் பேசி ஒரு தவணையும் வாங்கித் தந்தார். உத்திரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ஹார்மோனியத்தோடு பாட்டு நன்றாக வந்தால் ஹார்மோனியம். வராவிட்டால் ட்ராக்.

அந்தப் பாட்டுக்கு வெறுமனே மெட்டை வாசித்தால் போதாது. மூன்று சுரத்தைச் சேர்த்து ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். டீச்சர் அதை கார்ட் என்பார். எங்கள் வாயில் அது கொத்து. மூன்று பூவைச் சேர்த்துக் கட்டினால் கொத்துதானே.

ச, க, ப சேர்ந்தால் ச-கொத்து. ப, நி, ரி சேர்ந்தால் ப-கொத்து. இதை நான் ஒரே நாளில் பிடித்துக்கொண்டேன். ஆனால் ச-கொத்திலிருந்து ப-கொத்துக்குப் போகும்போது என் கை மொத்தமாக எழும்பி வலது பக்கம் குதிக்க வேண்டியிருந்தது. குதித்து இறங்கும்போது பாரம் முழுவதும் கட்டைவிரலில். ஒவ்வொரு குதிக்கும் நான் பல்லைக் கடித்தேன். டீச்சர் கவனித்துவிட்டார்.

"அம்மா, ஏன் கை இப்படித் தவளை மாதிரிக் குதிக்கி? இடது கைய வச்சு அடிச் சுரத்தப் பிடிக்கலாமே?"

"இடது கை காத்தடிக்குது டீச்சர். அத எடுத்தா பெட்டி செத்துப் போகும்."

பியானோவுக்குக் காற்றடிக்க வேண்டாம் போலிருக்கிறது. டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தார். கட்டைவிரல் ச-விலிருந்து ஒரே ஒரு கட்டை கீழே இறங்கி நி. நடுவிரல் ரி. சுண்டுவிரல் இருந்த இடத்திலேயே ப. அமுக்கினேன். அதே ப-கொத்து. ஆனால் கை குதிக்கவே இல்லை.

"ஆளு அதே மூணு பேருதாம்மா. யாரு கீழ நிக்காவங்கறதுதான் வேற. இதத்தான் இன்வர்ஷன்னு சொல்லுவோம். ப கீழ நின்னா நேர் நிலை. நி கீழ வந்து ப உச்சிக்குப் போயிட்டா முதல் மாற்று. ரி கீழ வந்தா ரெண்டாவது மாற்று."

எனக்கு அந்தக் கட்டைவிரலைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பாட்டு முழுவதும் அது படி இறங்குவது போல ஒவ்வொன்றாக இறங்கியது. ச, நி, த. பிறகு த-விலேயே நின்று, சுண்டுவிரல் மட்டும் க-விலிருந்து ம-வுக்கு நகர்ந்தது. கட்டைவிரல் மறுபடி ஒரு படி இறங்கி ப. வலி இருந்தது, குதி இல்லை.

கை புரிந்துகொண்டதைக் காகிதத்தில் எழுதுவதில்தான் எங்களுக்குள் ரகளை வந்தது. எந்தச் சொல்லுக்கு எந்தக் கொத்து, அதில் யார் கீழே என்பதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு மறந்துபோகும். டீச்சர் காலண்டர் தாளைத் திருப்பி, G என்று எழுதி, சாய்வாக ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் B என்று எழுதினார்.

"கோட்டுக்கு முன்னால கொத்தோட பேரு. பின்னால, அடியில நிக்க ஆளோட பேரு. G-ன்னா ஒங்க ப. B-ன்னா நி. ப-கொத்து, அடியில நி. அம்புட்டுத்தான்."

"வேற வழி கெடையாதா?"

"இருக்கு. அந்தக் காலத்து ஐரோப்பாக்காரங்க எண் போடுவாங்க. முதல் மாற்றுன்னா ஆறு. ரெண்டாவதுன்னா ஆறுக்குக் கீழ நாலு."

"யாரு அந்த ஆறு?"

"அடியில நிக்கவர ஒண்ணுன்னு வச்சு மேல எண்ணிக்கிட்டே போனா, கொத்துக்குப் பேரு குடுத்தவரு ஆறாவதா வருவாரு."

நான் நி-யில் விரல் வைத்து நி, ச, ரி, க, ம, ப என்று எண்ணிப் பார்த்தேன். ஆறாவதாக ப வந்து நின்றது. கணக்குச் சரிதான். ஆனால் முருகா என்று பாடுகிற நேரத்தில் நான் கீழேயிருந்து எண்ணிக்கொண்டா இருப்பேன்?

"இன்னொன்னு இருக்கு. நேரா நின்னா சின்ன a, முதல் மாற்றுக்கு b, ரெண்டாவதுக்கு c."

"டீச்சர், மூணு பேரு நிக்கிற வரிசையச் சொல்றதுக்கு இத்தன வேஷமா? எனக்குச் சின்ன எழுத்து தெரியாது. பெரிய எழுத்தும் கப்பல்ல இருந்தாத்தான் தெரியும்."

"அப்ப நீங்களே ஒண்ணு கண்டுபிடிங்க பாப்போம்" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே பேனாவை என் கையில் கொடுத்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் பக்கத்துத் தீவான லாங் ஐலண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கேதான் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மர மில்லில் வேலை. சில நாள் வேலை அடுத்த கரையில் இருக்கும், சோறு டிங்கியில், சின்னப் படகில், போகும். மூன்றடுக்கு டிபன் கேரியரில் எதை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயமில்லை. சோறு கனம், அது அடியில் இருந்தால்தான் டிங்கி ஆடும்போது கேரியர் சாயாது. குழம்பு நடுவில். பொரியல் உச்சியில். சில நாள் மாற்றி அடுக்கியிருக்கிறேன். சோறும் குழம்பும் பொரியலும் அதேதான். ஆனால் அடியில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேரியரைத் தூக்குகிற கைக்கே வேறு மாதிரி இருக்கும்.

அதனால் நான் டிபன் கேரியர் வரைந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கட்டம், தலையில் ஒரு கைப்பிடி. கொத்துக்குப் பெயர் கொடுத்த சுரம்தான் சோறு. அது எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் சோற்றுப் பருக்கை மாதிரி மூன்று புள்ளி. பக்கத்தில் ச என்றோ ப என்றோ பெயர். சோறு அடியில் என்றால் நேர் நிலை. சோறு உச்சியில் என்றால் முதல் மாற்று. சோறு நடுவில் என்றால் இரண்டாவது மாற்று.

டீச்சர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரியாத்தாம்மா இருக்கு. ஆனா ஒங்களத் தவிர வேற யாருக்கும் புரியாது" என்றார்.

"வாசிக்கிறது நான்தான?"

அங்கேதான் நான் என் பக்கத்து வீட்டுக்காரியை மறந்துவிட்டேன். அவள் வங்காளி. நான் அவளை தீதி, அக்கா, என்பேன், அவளும் என்னை தீதி என்பாள். யார் மூத்தவள் என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் வீட்டில் சொந்தமாக ஒரு ஹார்மோனியம் உண்டு. துர்கா பூஜைக்கு அவள் பாட்டுக்கு நான் துணை வாசிப்பேன், முருகனுக்கு அவள் துணை வாசிப்பாள். எங்கள் குழுவில் எப்போதும் இரண்டு பெட்டி. அதில் என் பெட்டி முதல், அவள் பெட்டி இரண்டாவது. இது நான் சொல்வது. அவளிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள்.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் ச, ரி, க எழுத்துகளைப் படமாக அடையாளம் தெரியும். டீச்சரின் தாளை நீட்டியபோது, "யே க்யா, போஸ்ட் ஆபீஸ் ஃபாரமா?" என்று ஒதுக்கிவிட்டாள். என் டிபன் கேரியரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சோறு இருக்கும் கட்டத்தைத் தொட்டு, "சாவல்!" என்றாள். சோறு என்று அவளுக்கே புரிந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அவளுக்கும் ஒரு படி வரைந்து கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "ஒண்ணும் கஷ்டமில்ல தீதி. கேரியரப் பிரிச்சு வரிசையா வைக்கிற மாதிரி வாசி. இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பி."

"பஸ், இத்னாதான?" என்றாள். அவ்வளவுதான் என்று நானும் தலையை ஆட்டினேன்.

முதல் ஒத்திகையில் இரண்டு பெட்டியும் சேர்ந்தபோது குழுவில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தப்பு என்று சொல்ல முடியவில்லை. அபசுரம் இல்லை. ஆனால் சரி என்றும் சொல்ல முடியவில்லை. நான் படி இறங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ கொய்யா மரத்தில் ஏறுவது மாதிரி இருந்தது. பாடுகிறவர்கள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் இழுத்தார்கள்.

"தீதி, நீ தப்பா வாசிக்கிற" என்றேன்.

"நை. தும்ஹாரா காகஜ் தப்பு" என்றாள்.

"காகிதம் தப்பில்ல. ஒன் கைதான் தப்பு."

"காகஜ் தும்ஹாரா, ஹாத் மேரா" என்றாள். காகிதம் உன்னுடையது, கை என்னுடையது, கையைப் பற்றி நீ பேசாதே என்று அர்த்தம். வழக்கம்போல ஒரு வெற்றிலை மடித்து நீட்டினாள். வழக்கம்போல நானும் வாங்கிக்கொண்டேன்.

டீச்சர் எங்களைத் தனித்தனியாக வாசிக்கச் சொன்னார். தீதி தனியாக வாசித்தால் கொத்துகளில் சுரம் எல்லாம் சரியாக இருந்தது. நான் தனியாக வாசித்தாலும் சரி. சேர்ந்தால் கொய்யா மரம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பெட்டியும் ஒட்டிக்கொண்டு ஒரே பெட்டியாகக் கேட்டன. பல்லவி முடிகிற இடத்துக்கு முன்னால் ஒரு ச-கொத்து. அங்கே வரும்போது மட்டும் எல்லோருக்கும் மூச்சு வரும், அடுத்த கொத்தில் போய்விடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கென்று காண்டிராக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுற மாதிரி இருக்கு."

"பெட்டி சண்ட போடல தம்பி. நாங்கதான்."

"வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்போம். இல்லன்னா ட்ராக் ரெடியா இருக்கு." போனைத் தட்டிக் காட்டினார். சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சாமானுக்கு என் இடத்தைக் கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

வீட்டில் என் அவர், "பேசாம ட்ராக்குக்கு விட்டுரு. அது தீதிகூடச் சண்டைக்குப் போகாது" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. வேண்டுமென்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலைக் கழுவிவிட எல்லோரும் போனோம். வேலை முடிந்து பின்பக்கம் மாமர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். தீதி தன் கேரியரை எனக்கும் டீச்சருக்கும் நடுவில் வைத்தாள். கோயில் என்பதால் மீன் இல்லை, அதில் அவளுக்கு வருத்தம். கொக்கியைத் தட்டி, உச்சி டப்பாவை எடுத்து இடது பக்கம் வைத்தாள். அடுத்த டப்பாவை அதற்குப் பக்கத்தில். அடி டப்பா, சோறு இருந்தது, கடைசியாக வலது ஓரத்தில்.

எனக்குக் கை அரித்தது. எங்கள் வீட்டில் அப்படி வைப்பதில்லை. மேல் இரண்டு டப்பாவையும் சேர்த்து ஒரே தூக்காகத் தூக்குவோம். அடி டப்பாதான் முதலில் இடது பக்கம் வரும், பிறகு நடு, பிறகு உச்சி. சோற்றைப் போட்டுவிட்டுத்தானே குழம்பை ஊற்ற வேண்டும்? லாங் ஐலண்டில் இருந்தபோதே என் அவர் அப்படித்தான் பிரிப்பார், நானும் அப்படியே பழகிவிட்டேன். டப்பாக்களை மாற்றி வைக்கப் போனேன். தீதி என் கையில் ஓர் அடி போட்டாள். "அரே, மேரா டிஃபன்!"

"ஒழுங்கா வை தீதி. அடியில இருக்கறதுதான இடது பக்கம்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. டீச்சர் சோற்றுக் கையோடு டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கேரியரைப் பிரித்து வைக்கிற மாதிரி வாசி என்று நான்தானே சொன்னேன். அவள் தன் வீட்டில் பிரிக்கிற மாதிரி வாசித்திருக்கிறாள். என் படத்தில் சோறு அடியில் என்றால் அவளுக்கு அது வலது ஓரம், அதாவது உச்சிச் சுரம். சோறு உச்சியில் என்றால் அவளுக்கு இடது ஓரம், அடிச் சுரம். நான் நேராக அடுக்கியதை அவள் மாற்றி அடுக்கினாள், நான் மாற்றியதை அவள் நேராக்கினாள். மூன்று சுரமும் அதே மூன்று சுரம், அதனால் அபசுரம் வரவில்லை. அடியில் நிற்கிற ஆள்தான் எங்கள் இருவருக்கும் வேறு வேறு.

"அப்ப அந்த ஒரு எடத்துல மட்டும் எப்படிம்மா சேந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"அங்க சோறு நடுவுல" என்றேன். எந்தப் பக்கமிருந்து பிரித்தாலும் நடு டப்பா நடுவில்தான் வரும்.

டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தீதிக்கு நான் இந்தியில் விளக்கினேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீச்சே சே கௌன் கோல்தா ஹை?" என்றாள். அடியிலிருந்து எவள் பிரிப்பாள் என்று கேட்கிறாள்.

"நான் பிரிப்பேன்."

"பாகல்" என்று, பைத்தியம் என்று, அவள் டீச்சரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

அப்புறம் யார் மாற்றிக்கொள்வது என்று பேச்சு வந்தது. அவள் மாற்ற மாட்டேன் என்றாள். பிறந்ததிலிருந்து உச்சியிலிருந்து பிரித்த கையாம். நான் படத்தைத் தலைகீழாக வரைய மாட்டேன் என்றேன். கைப்பிடி தரையிலும் சோறு ஆகாயத்திலுமாக எந்த ஊரில் கேரியர் இருக்கிறது?

"இதுக்குத்தாம்மா அந்தச் சாய்கோடு" என்றார் டீச்சர் மெதுவாக. "அடியில யாருன்னு அது பேரச் சொல்லி எழுதிருது. யாரு வீட்ல எப்படிப் பிரிச்சா என்ன?"

அவர் சொன்னது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த உடனே ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து தாளை மேஜையில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அவர் காப்பி டம்ளரை வைக்க இடம் தேடி, தாளைக் கொஞ்சம் திருப்பித் தள்ளினார். கேரியர்கள் எல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. அடி டப்பா இடது பக்கம். கைப்பிடி வலது பக்கம். ஹார்மோனியக் கட்டையில் விரல் போகிற அதே வரிசை.

"என்ன, கேரியரப் படுக்கப் போட்டுட்ட? கொழம்பு ஊத்திரும்" என்றார்.

"ஊத்தட்டும்" என்றேன்.

நான் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. காகிதம்தான் படுத்துக்கொண்டது. தீதியிடம் கொண்டுபோய், "இத நான் பிரிச்சே வச்சுட்டேன். நீ ஒண்ணும் பிரிக்க வேணாம். இடது பக்கம் இருக்கறது இடது பக்கம்" என்றேன். அவள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, கடைசியில் நீ என் வழிக்கு வந்துவிட்டாய் என்று இந்தியில் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பிறகு ஒவ்வொரு கேரியருக்கும் அடியில், டீச்சருக்குத் தெரியாமல், ஒரு சாய்கோடு போட்டு அடிச் சுரத்தின் எழுத்தையும் எழுதிவைத்தேன். ப, கோடு, நி. ம, கோடு, த. ச, கோடு, ப. அழகாகத்தான் இருந்தது. டீச்சர் அதை மறுநாள் பார்த்துவிட்டார். பேனாவை எடுத்து ஓர் ஓரத்தில் டிக் போட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை காண்டிராக்டர் ஸ்பீக்கரையும் போனையும் தயாராக வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆரம்பித்தோம். என் கட்டைவிரல் ச-விலிருந்து நி, நி-யிலிருந்து த என்று இறங்கியது. பக்கத்துப் பெட்டியில் தீதியின் கட்டைவிரலும் அதே படியில் இறங்கியது. பாடுகிற பெண்கள் அந்தப் படியைப் பிடித்துக்கொண்டு தாமாகவே இறங்கினார்கள். காண்டிராக்டர் முதல் சரணம் வரை கேட்டார். பிறகு எழுந்து வெளியே போனார். போச்சு, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு மைக்கும் ஸ்டாண்டும் இருந்தன. இரண்டு ஹார்மோனியத்துக்கும் நடுவில் நிறுத்தி, வயரைத் தன் ஸ்பீக்கரில் சொருகினார்.

உத்திரத்தன்று கோயில் நிறையக் கூட்டம். மூன்றாவது சரணத்தில் என் கட்டைவிரல் நின்றுவிட்டது. வலி என்று இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்றது. மேல் இரண்டு சுரத்தை மற்ற விரல்களால் அமுக்கிக்கொண்டு, அடிச் சுரத்தை விட்டுவிட்டேன். தீதி என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவள் பெட்டியின் காற்று சட்டென்று கூடியது. அடிச் சுரம் நி-யாகவும் த-வாகவும் ப-வாகவும் அவள் பக்கமிருந்து கெட்டியாக வந்தது. அவள் அடியில் நின்றாள், நான் மேலே இரண்டு டப்பாவை மட்டும் பிடித்துக்கொண்டேன். பாட்டு சாயாமல் முடிந்தது. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. டீச்சருக்கு மட்டும் தெரியும், அவர் ஜால்ராவைத் தவறவிட்டுவிட்டுப் பிடித்தார்.

முடிந்ததும் தீதி, "அப் போலோ, பஹலா பெட்டி கௌன்?" என்றாள். முதல் பெட்டி யாருடையது, இப்போது சொல் என்று.

"இன்னிக்கு மட்டும் ஒன்னது" என்றேன். "துர்கா பூஜைக்கு மறுபடி பேசிக்கலாம்."

காண்டிராக்டர் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். "அடுத்த வருஷமும் நீங்கதாம்மா."

"அடுத்த வருஷம் ஒங்க பெட்டியில அந்த லைட்ட மட்டும் அணச்சிருங்க தம்பி. முருகனுக்குக் கண்ணு கூசுது."

என் அவர் மட்டும் கிட்டேயே வரவில்லை. கூட்டத்துக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து தைலப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் பாக்குத் தோப்புக்குப் போகும்போது வழக்கம்போல மூன்றடுக்குக் கேரியரைக் கொடுத்து அனுப்பினேன். மத்தியானம் தாண்டிப் போன் வந்தது.

"இந்தா, சோறு ஏன் உச்சி டப்பாவுல இருக்கு?"

"முதல் மாற்று" என்றேன்.

டப்பாக்களை மறுபடி அடுக்கித் தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "கேரியர் ஆடுதுடி" என்றார்.

"ஆடும். பாத்துத் தூக்குங்க."